அரை ஜீப்பும் முழு விலையும்

கொழும்பில் இப்போது தெரிந்தவர்கள் இருவர் சந்தித்தால், சுகம் விசாரித்து முடிந்த கையோடு பேச்சு வாகன விலையில் போய் நிற்கிறது. முன்னர் காணி விலை பற்றிப் பேசினோம்; அதற்கு முன்னர் போரைப் பற்றிப் பேசினோம். கொவிட் காலத்தில், அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1 ஆம் திகதிதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஏறக்குறைய ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் கார் என்பது போக்குவரத்துச் சாதனம் என்ற நிலையிலிருந்து மாறி, ஓடித்திரியும் வைப்புப் பணமாகிவிட்டது. பல வருடம் ஓடிய வண்டியை, தாம் வாங்கிய விலையிலும் கூடுதலான விலைக்கு விற்றவர்கள் பலரை எனக்குத் தெரியும். பொருளியல் பாடநூல்களில் தேய்மானம் என்றொரு அத்தியாயம் உண்டு. இலங்கையில் அதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பாவம்.

இறக்குமதி திறந்த பிறகு எல்லோருடைய வாயிலும் அடிபடும் சொல் "சின்ன குறொஸ்ஓவர்". பார்வைக்கு ஜீப், உள்ளே கார். அதிகம் செலவில்லாமல் ஒரு ஜீப்பின் கம்பீரத்தைப் பெறலாம் என்பது விற்பவர்களின் வாதம். பத்திரிகைக்காரனுக்கு விற்பவர்களின் வாதம் எதிலும் அவ்வளவு நம்பிக்கை வருவதில்லை. ஆனாலும் கடந்த சில மாதங்களாக நானும் அதே வண்டிகளைத்தான் பார்த்துக்கொண்டு திரிகிறேன். காரணம் கம்பீரம் அல்ல. என் தாயாரின் முழங்கால்.

என்னிடம் இருப்பது 1990 களின் தொடக்கத்தில் வந்த நிசான் சன்னி. கொழும்பில் அந்த மொடலுக்கு "டொக்டர் சன்னி" என்று செல்லப்பெயர். சன்னி என்ற சொல்லுக்குத் தமிழில் நல்ல பொருள் இல்லை என்பதால் கூடவே ஒரு டொக்டரையும் சேர்த்தார்கள் போலும். உழைத்த வண்டி. அதன்மீது குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதன் உயரம் நாலரை அடிதான். ஆசனமோ தரையோடு தரை. எண்பது வயதைத் தாண்டிய அம்மா பாதி மாதம் எங்களோடு வெள்ளவத்தையிலும், பாதி மாதம் தங்கச்சியோடு கொட்டாஞ்சேனையிலும் இருப்பவர். கிளினிக், கோயில், கலியாணம், செத்தவீடு என்று போகவேண்டியவர். சென்ற வருடம் ஒருநாள், ஜம்பட்டா வீதியில் வண்டியை நிறுத்தி அவரை இறக்க முயன்றபோது, "தம்பி, இது காரோ கிணறோ? ஏறி வாறதுக்கு ஏணி வேணும்" என்றார். பின்னால் நின்ற ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிப்பதை நிறுத்திவிட்டு வந்து கைகொடுத்தார். அதன் பிறகு அம்மா வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். காரணம் கேட்டால் வெயில் என்பார்.

குறொஸ்ஓவர் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். பழைய ஜீப்புகளுக்கு அடியில் ஏணிபோன்ற தனி இரும்புச் சட்டம் இருக்கும். உடல் அதன்மேல் பூட்டப்பட்டிருக்கும். மலையகத் தோட்டங்களில் ஓடிய லான்ட் ரோவர்கள் அப்படிப்பட்டவை. காருக்கு அது கிடையாது, உடலே சட்டம். காரின் உடலை உயர்த்தி, ஜீப்பின் தோற்றத்தைக் கொடுத்ததே குறொஸ்ஓவர். 1994 இல் வந்த டொயோட்டா ராவ் 4 தான் இந்த வகையை உலகெங்கும் பிரபலமாக்கியது. நம்மூரில் விற்கப்படும் சிறிய வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரங்களில் மட்டுமே இழுவை. ஆகவே யாரும் இதை எடுத்துக்கொண்டு யால காட்டுக்குள் சேற்றில் இறங்க நினைக்கவேண்டாம். ஜீப் என்ற பாதி வெறும் தோற்றம்தான்.

ஆனால் உயரம் தோற்றம் அல்ல. வழக்கமான காரில் நாம் ஆசனத்துக்குள் விழுகிறோம். எழும்போது முழங்காலின் பலத்தால் உடலைத் தூக்கவேண்டியிருக்கிறது. பெரிய ஜீப்பில் படியேறவேண்டும். இரண்டுக்கும் நடுவில், இடுப்பின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஆசனம் அமைந்தால், கதிரையில் இருப்பதுபோல் பக்கவாட்டில் இருந்து காலைத் திருப்பி வைத்தால் போதும். சின்ன குறொஸ்ஓவர் தற்செயலாக அந்த நடு உயரத்தில் அமைந்துவிட்டது. விளம்பரங்களில் மலையுச்சியில் இளைஞர்கள் கிற்றார் வாசிக்கிறார்கள். உண்மையில் இந்த வண்டியால் அதிகம் பயன்பெறுவோர் மூட்டுவாதக்காரர்கள்.

அம்மாவுக்கு இது புதிதுமல்ல. யாழ்ப்பாணத்தில் ஐம்பதுகளின் ஒஸ்ரின் ஏ40 ஐயும் மொறிஸ் மைனரையும் பார்த்து வளர்ந்தவர். ஏ40 சொமர்செற்றின் உயரம் ஐந்தேகால் அடிக்குச் சற்று மேல். வேட்டியோ சேலையோ உடுத்தியவர்கள் குனியாமல் ஏறி நிமிர்ந்து இருக்கலாம். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடைக்காமல் போனபோது, அந்த வண்டிகளைத்தான் நம்மவர்கள் சிறிது பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நாற்பது வருடம் பழைய எஞ்சின் அதையும் ஏற்றுக்கொண்டது. இன்றைய எஞ்சின் எதற்கும் அந்தப் பொறுமை இல்லை. காலப்போக்கில் கார்கள் தாழ்ந்து, இப்போது மறுபடி உயர்ந்திருக்கின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும் சுசுகி ஹஸ்லரின் உயரம் 1,665 மில்லிமீற்றர். ஏறக்குறைய ஏ40 இன் உயரம்.

ஹஸ்லர் 2014 ஜனவரியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அங்கே "கெய்" என்று ஒரு வகை உண்டு: நீளம் 3.4 மீற்றருக்கும், அகலம் 1.48 மீற்றருக்கும், எஞ்சின் 660 சீ.சீ. க்கும் மேற்படக்கூடாது. அப்படி அளவெடுத்துத் தைத்த வண்டி இது. எஞ்சின் 658 சீ.சீ., மூன்று சிலிண்டர். அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, அதாவது கிரவுண்ட் கிளியரன்ஸ், 180 மில்லிமீற்றர். பாவித்த வண்டிகளாக இலங்கைக்கு நிறைய வந்தன. இறக்குமதி நிற்பதற்கு முந்திய சில வருடங்களில் கொழும்பு வீதிகளில் இது ஒரு மோஸ்தராகவே இருந்தது.

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளை அறிந்தவர்களுக்கு 1.48 மீற்றர் அகலத்தின் அருமை புரியும். ஒரு பக்கம் தொடர்மாடிக்குச் சீமெந்து இறக்கும் லொறி, மறுபக்கம் யாரோ நிறுத்திவிட்டுப் போன வான், நடுவில் மரக்கறி வண்டில். புதிய டொயோட்டா ரைஸின் அகலம் 1,695 மில்லிமீற்றர். வித்தியாசம் இருபத்திரண்டு சென்றிமீற்றர்தான். ஆனால் ஒழுங்கையில் பக்கக் கண்ணாடி மிஞ்சுவதும் போவதும் அந்த இருபத்திரண்டில் இருக்கிறது. எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே நிறுத்தி, கதவை முழுதாகத் திறந்து ஒரு வயோதிபரை இறக்கவேண்டும் என்றால் சிறிய வண்டிதான் சரி.

அடி உயரம் வெள்ளத்துக்கு உதவும் என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. கடும் மழையில் ஆமர் வீதிச் சந்தியில் தண்ணீர் நிற்கும்போது சன்னியின் வயிறு நனையும் இடத்தில் ஹஸ்லர் நனையாமல் போகும் என்பது சரி. ஆனால் எஞ்சின் மூச்சு விடும் குழாய் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். அதன் வாய்க்குள் தண்ணீர் போனால் சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. எஞ்சினின் உள்ளுறுப்புகள் வளைந்துவிடும். அடி உயரம் தரும் தைரியத்தில் ஆழத்துக்குள் இறங்குபவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். தவிர, ஹஸ்லரில் எஞ்சினுக்குத் துணைபோகும் சிறிய லித்தியம் பற்றரி முன்பக்கப் பயணியின் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் குளிப்பது அதுதான்.

வண்டியின் குறைகளையும் சொல்லவேண்டும். முதலாவது, நான்கே ஆசனம். தமிழ்க் குடும்பம் ஒன்று கலியாண வீட்டுக்குப் போகும்போது நான்கு பேரோடு நிற்பது நடக்கிற காரியமா? பின் ஆசனத்தை முன்னே தள்ளினால்தான் பொதிகளுக்கு இடம். இரண்டாவது, டேர்போ இல்லாத வகைக்கு 52 குதிரை வலுதான். நால்வரோடும் ஏ.சி. யோடும் கடுகண்ணாவை ஏறும்போது வண்டி முனகும் என்று, ஒன்றை ஏழு வருடமாக வைத்திருக்கும் நண்பர் சொல்கிறார். மூன்றாவது, எரிபொருள். ஜப்பானியச் சோதனைக் கணக்கில் லீற்றருக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் சொன்னார்கள். அதே நண்பருக்குக் காலி வீதி நெரிசலில் 14, தூரப் பயணத்தில் 18 கிடைக்கிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர். 18 படி பார்த்தால் 22 லீற்றர். தாங்கி கொள்வது 27. வழியில் பெற்றோல் நிரப்பாமல் போய்ச் சேரலாம். ஆனால் புத்தளம் வீதியில் எதிரே வரும் லொறிகளைப் பார்க்கும்போது, 800 கிலோ நிறையுள்ள தகரத்துக்குள் இருக்கிறோம் என்ற நினைவு வரத்தான் செய்யும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இந்திய வண்டிகளையும் சொல்லாமல் விடமுடியாது. ரெனோ க்விட்டும், சுசுகி எஸ்-பிரெஸ்ஸோவும் இதே ரகத்தவை. இரண்டுக்கும் 180 மில்லிமீற்றர் அடி உயரம். பராமரிப்புச் செலவும் பாரமில்லை. ஆனால் குளோபல் என்கெப் என்ற அமைப்பு நடத்திய மோதல் சோதனையில், இந்தியாவில் விற்கப்பட்ட க்விட் 2016 மே மாதத்திலும், எஸ்-பிரெஸ்ஸோ 2020 நவம்பரிலும் ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பெறவில்லை. பின்னர் இரண்டும் சில திருத்தங்களோடு ஒரு நட்சத்திரத்துக்கு ஏறின. கொழும்புக்குள் மணிக்கு இருபது கிலோமீற்றரில் ஊர்பவருக்கு இது பெரிய விடயமாகத் தோன்றாமல் இருக்கலாம். நான் வருடத்தில் இரு தடவை ஏ9 வீதியால் போகிறவன். என் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கிவிட்டேன்.

மிச்சம் இருப்பது ரைஸ். 2019 நவம்பரில் ஜப்பானில் அறிமுகமானது. ஐந்து ஆசனம், 996 சீ.சீ. டேர்போ, 98 குதிரை வலு. மேலே நான் ஹஸ்லருக்குச் சொன்ன குறைகளில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தாது. விலை மட்டுமே குறை. புதிதாக எடுத்தால் ஒரு கோடி ரூபாவுக்கு மேல். டொலர் ஏறக்குறைய 300 ரூபா என்ற 2025 ஆம் ஆண்டுக் கணக்கில், ஒரு கோடி என்பது 33,000 அமெரிக்க டொலர். ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் சிரித்தார்: "அந்தக் காசுக்கு நான் இஞ்சை ராவ் 4 எடுத்துப்போட்டு மிச்சத்துக்குப் பெற்றோலும் அடிப்பன்." அவர் சிரிப்பதில் நியாயம் உண்டு. இங்கே சுங்கத் தீர்வை, அதன்மேல் மிகைவரி, எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி. எல்லாவற்றையும் கூட்டிய தொகைக்கு மேல் 18 சதவீத வற் வரி. வரிக்கும் வரி. நாம் கொடுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் வண்டிக்கு அல்ல, திறைசேரிக்குப் போகிறது. 2022 இல் டொலர் இல்லாமல் நாடு நின்ற நிலையைப் பார்த்தவன் என்ற முறையில் இந்த வரியை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதைச் செலுத்துகிறவர்களின் வரிசையில் நானும் நிற்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஹஸ்லருக்கு வருவோம். நான் பார்த்த 2015 ஆம் ஆண்டு வண்டிக்கு 65 இலட்சம் கேட்கிறார்கள். இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் உண்மையான கேள்வி. தனியார் பத்திரிகைகளில் வேலை செய்தவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. ஐம்பத்தைந்து வயதில் எடுக்கக்கூடிய ஊழியர் சேமலாப நிதி ஒன்றுதான். அதை வங்கியில் போட்டு வட்டியில் சீவிப்பது என்பதே என்னைப் போன்றவர்களின் முதுமைத் திட்டம். 65 இலட்சத்தை எட்டு சதவீதத்தில் போட்டால் வருடத்துக்கு 5,20,000. 2025 ஏப்ரலில் பத்து சதவீதமாக உயர்த்தப்பட்ட பிடித்துவைத்தல் வரியைக் கழித்தால் மாதம் 39,000 கையில் வரும். சன்னிக்குத் தரகர் ஒருவர் 20 இலட்சம் வரை தருவதாகச் சொல்கிறார். அப்படியானால் நிதியிலிருந்து எடுக்கவேண்டியது 45 இலட்சம். இழக்கும் வட்டி மாதம் 27,000. காப்புறுதி, சேர்விஸ், பெற்றோல் எல்லாம் அதற்கு மேல்.

அந்த 27,000 க்கு எத்தனை வாடகைக் கார் பிடிக்கலாம்! 2015 இலிருந்து பிக்மீயும் ஊபரும் கொழும்பில் ஓடுகின்றன. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு மாதத்தில் எட்டுத் தடவை போய்வந்தாலும் கணக்குக்குள் அடங்கும். பட்டப்படிப்பில் பொருளியல் படித்த என் மனைவியின் வாதம் இது, எண்களின்படி மறுக்கமுடியாதது. என் மறுப்பு 2022 ஆம் ஆண்டு. பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், அந்த விலைக்கும் கிடைக்காமல், காலி வீதி ஓரமாக வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. அப்போது செயலியில் எத்தனை தடவை அழுத்தினாலும் வண்டி வரவில்லை. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். சின்ன எஞ்சினுக்கு அது தாராளம். நண்பருடைய ஹஸ்லர் அக்கம்பக்கத்து நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு ஓடியது. அப்படி ஒரு காலம் திரும்பி வராது என்று எழுதித்தர யாராவது தயாரா? சாதாரண நாளிலேயே, மழை தொடங்கியதும் வாடகைக் கார்கள் மாயமாகிவிடுகின்றன. வருகிற வண்டியும் அனேகமாகத் தாழ்ந்த ஆசனம் உள்ளதாகவே இருக்கிறது. எண்பது வயதுப் பெண்மணி தெருவோரம் நின்று, வண்டியின் உயரம் பார்த்து, "இது வேண்டாம், அடுத்தது" என்று சொல்ல முடியுமா?

எனவே என் தீர்ப்பு இப்படி அமைகிறது. முப்பது வயதில், லீசிங் போட்டு, ஜீப் ஓட்டுகிற பெருமைக்காகச் சின்ன குறொஸ்ஓவர் எடுக்கிறவர்களுக்கு இது நட்ட வியாபாரம். அதே விலையில் ஆசனம் கூடிய, வலுவும் கூடிய சாதாரண கார் கிடைக்கும். இனி விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி வாங்குவதும் வீண். இறக்குமதி திறந்திருக்கும்வரை, தேய்மானம் என்ற அத்தியாயம் நம் நாட்டுக்கும் திரும்பி வரும். வீட்டில் முழங்கால் நோயாளி ஒருவர் இருந்து, கடன் படாமல் வாங்க முடியுமானால் மட்டும் பழைய ஹஸ்லர் நியாயமான தெரிவு. மாதம் 27,000 ரூபாவை ஆசனத்தின் உயரத்துக்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்துகொண்டே கொடுக்கலாம். நான் கொடுப்பதென்று தீர்மானித்துவிட்டேன். மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை; ஆனால் எதிர்ப்பின் சுருதி குறைந்திருக்கிறது.

வரும் சனிக்கிழமை வண்டியைப் பஞ்சிகாவத்தையில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய்த் தூக்கிப் பார்க்கவேண்டும். கடற்கரையோரம் நின்ற வண்டி என்பதால் முதலில் அடியில் துரு. பிறகு ஆசனப் பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கவேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோது நீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரக்கூடும். கம்பளத்தை மாற்றுகிறவர்கள் பட்டியின் உள்நுனியில் படிந்த சேற்றுக் கோட்டை மறந்துவிடுவார்கள் என்பது மெக்கானிக் சொல்லித்தந்த உபாயம். அம்மாவையும் ஒருதரம் ஏற்றி இறக்கிப் பார்க்கவேண்டும். நான்கு டயரும் தேய்ந்திருக்கின்றன. 165/60, 15 அங்குலம் என்ற அந்த அளவு எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. அதைச் சொல்லி விலையில் ஒரு இலட்சமாவது குறைக்கச் சொல்லித் தங்கச்சி கட்டளையிட்டிருக்கிறாள்.